கவுனியின் சத்து எங்கே இருக்கிறது?

காரைக்குடிப் பக்கம் கல்யாண வீட்டுப் பந்தியில் கவுனி அரிசி இல்லாமல் இருக்காது. ஊறவைத்துக் குழைய வேகவைத்து, சீனியும் தேங்காய்த் துருவலும் நெய்யும் ஏலக்காயும் சேர்த்துக் கிளறியது. உலையில் போடும்வரை கருப்பாக இருக்கும் அரிசி, வெந்ததும் நல்ல ஊதாவாகிவிடும். வணிகத்துக்காகப் பர்மா போன நகரத்தார் கொண்டுவந்த அரிசி இது என்று செட்டிநாட்டில் சொல்வார்கள். மணிப்பூரிலும் சாக்காவ் என்ற கருப்பரிசி உண்டு. 2020-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கும் அது விருந்துக்குப் பாயசம் வைக்கிற அரிசிதான்.

நாவல்பழத்துக்கும் கத்தரிக்காய்த் தோலுக்கும் நிறம் தருகிற ஆந்தோசயனின்தான் கவுனிக்கும் நிறம் தருகிறது. ஆனால் அரிசியைக் கடித்துப் பாருங்கள், உள்ளே வெள்ளை மாவுதான். நிறம் மேலே ஒட்டிய தவிட்டில் இருக்கிறது. நார்ச்சத்து, பி வைட்டமின்கள், வைட்டமின் ஈ, இரும்பு, மக்னீசியம் ஆகியவற்றில் பெரும்பங்கும் அந்தத் தவிட்டிலும் முளையிலும்தான். மில்லில் கொடுத்துத் தீட்டிவிட்டால் கவுனிக்கும் மற்ற வெள்ளை அரிசிக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

தவிட்டின் அருமையை மருத்துவ உலகம் கற்றுக்கொண்ட இடம் ஜாவா. 1890-களில் அங்கே பணியாற்றிய டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மன், தீட்டிய அரிசிச் சோறு தின்ற கோழிகள் பெரிபெரி போன்ற நோய் கண்டு கால் துவண்டு விழுவதையும், தீட்டாத அரிசியைப் போட்டதும் தேறி எழுவதையும் கவனித்தார். அந்தத் தவிட்டிலிருந்து பி1 வைட்டமினைப் படிகமாகப் பிரித்தெடுத்ததும் ஜாவாவில்தான், 1926-இல். எய்க்மனுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இவ்வளவு சிறப்பு இருந்தாலும் கவுனியை மருந்தென்று விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆந்தோசயனின் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கிறது என்பது உண்மை. ஆனால் வேகும்போதே அதில் ஒரு பகுதி அழிந்துவிடுகிறது. சாப்பிட்டதிலும் கொஞ்சம்தான் உடம்பில் சேர்கிறது. மாவுச்சத்திலும் கலோரியிலும் கவுனி மற்ற அரிசிக்கு அதிகம் குறைந்ததல்ல: 100 கிராமில் ஏறக்குறைய 350 கலோரி. ஒட்டும் தன்மையுள்ள ரகங்களின் மாவுச்சத்து சீக்கிரம் செரித்து ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றக்கூடியது. போதாக்குறைக்கு நாம் சீனியும் சேர்க்கிறோம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைக் கஞ்சியாகவோ, காயும் பருப்பும் நிறையச் சேர்த்துச் சோறாகவோ அளவோடு சாப்பிடலாம். மாத்திரையை நிறுத்திவிட்டு இதை நம்புவது ஆபத்து.

சமைக்கும்போது, ஒருமுறை லேசாக அலசி, இரவே ஊறப்போடுங்கள். ஆந்தோசயனின் நீரில் கரையும் என்பதால் ஊறிய தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே வேகவையுங்கள். தவிட்டில் உள்ள பைட்டிக் அமிலம் இரும்புச்சத்து உடம்பில் சேருவதைத் தடுக்கும். கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருந்தால் அந்தத் தடை குறையும். தவிட்டு எண்ணெய் நாளானால் காறல் வாடை அடிக்கும். அதனால் மூட்டையாக வாங்கி வைக்காமல், ஓரிரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள்.