யுத்தத்தில் அங்கம் இழந்தோரும் பண்ணை வேலையும்

இலங்கையில் 1983-ஆம் வருஷம் மூண்ட உள்நாட்டு யுத்தம் 2009-ஆம் வருஷம் மே மாதத்தில் முடிவுற்றது. குண்டு வீச்சினாலும் கண்ணிவெடியினாலும் கை, கால், கண் இழந்தோர் பலர். யுத்தம் ஓய்ந்தும் அவர்களுடைய வருமான நஷ்டம் ஓயவில்லை. அந்நாட்டினின்று தப்பி வந்த தமிழர் வாழும் முகாம்களில் ஒன்று திருவள்ளூர் ஜில்லா கும்மிடிப்பூண்டியில் உள்ளது.

முகாமில் வாழ்வோர்க்குப் பெரும்பாலும் கூலியே ஜீவனம். வர்ணம் பூசுதல், கட்டட வேலை, ஆலைக் கூலி ஆகியவை ஏணி ஏறவும், பாரம் தூக்கவும், நெடுநேரம் நிற்கவும் வேண்டியவை. கால் இழந்தவர்க்கு இவற்றில் இடம் கிடைப்பது அரிது. அவருக்குத் துணையிருக்கும் மனைவியின் கூலியும் குறைகிறது. செயற்கைக் காலைச் சில வருஷங்களுக்கொருமுறை மாற்ற வேண்டும். வைத்தியத்திற்குப் பிரயாணச் செலவும் உண்டு. இவ்வாறு வரவு சுருங்கச் செலவு பெருகுகிறது.

கால் இழந்தவர் பண்ணைக்கு உதவார் என்று எண்ணுதல் தவறு. 1968-ஆம் வருஷம் ஜெய்ப்பூரில் டாக்டர் பி. கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் அமைத்த ரப்பர்ப் பாதத்தை அணிந்தவர் செருப்பின்றி மேடுபள்ளத்தில் நடக்கலாம், குந்தி உட்காரலாம், ஈரத்திலும் கால் வைக்கலாம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளுக்கு ஆட்கள் சென்றுவிடுவதால் வயலுக்கு ஆள் அகப்படவில்லை என்பது மிராசுதார்களின் குறை. அவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. யந்திரத்தில் உடைத்த நிலக்கடலையில் பருப்பின் தோல் உரிந்து முளைப்புத் திறன் குறைவதுண்டு. விதைக்குக் கையால் உடைத்ததே சிறந்தது. கடலை உடைத்தல், சொத்தைப் பருப்பைப் பொறுக்குதல், விதைநேர்த்தி, பூக்கட்டுதல் யாவும் உட்கார்ந்தே செய்யத்தக்கவை.

2. ஒரு கை இழந்தவர் மோட்டாரை இயக்கி நீர் பாய்ச்சவும், களத்தில் எடைக் கணக்கு எழுதவும் வல்லவர்.

3. கூலியை வேலையின் அளவுக்கே கணக்கிட வேண்டும். படிக்கு இவ்வளவு என்று பிறர்க்குக் கொடுப்பதையே இவர்க்கும் கொடுத்தல் நியாயம்.

கிராம நிர்வாக அலுவலர்கள் மற்றொன்றையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, 37-ஆம் பிரிவின்படி அரசுத் திட்டங்களில் விவசாய நிலமும் வீடும் ஒதுக்கும்போது, 40 விழுக்காட்டிற்குக் குறையாத ஊனமுற்றோர்க்கு 5 விழுக்காடு ஒதுக்க வேண்டும். அவர்களுள் பெண்களுக்கு முன்னுரிமை உண்டு. கிராமத்தில் தகுதியுள்ளோர் சான்றிதழ் பெற்றிருக்கின்றனரா என்று முன்னதாகவே விசாரித்து, பெறாதவரைப் பெறச் செய்தால், பட்டியல் தயாரிக்கும் காலத்தில் அவர்களது பெயர் விடுபடாது.