மலையில் குளிரும் ஏ.சி. அடிவாரத்தில் சுடுவது ஏன்?

தேவிகுளம்: போடிநாயக்கனூரிலிருந்து சித்திரை வெயிலில் புறப்படும் பழைய டாக்ஸி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, பூப்பாறை வழியாகத் தேவிகுளம் வந்து சேரும்போது ஏ.சி.க்கு அவசியமே இராது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரமுள்ள ஊர் இது. அடிவாரத்தைவிடச் சுமார் 10 டிகிரி வெப்பம் குறைவு.

தொல்லை திரும்பும்போதுதான். மலைமேல் ஜில்லென்று வீசிய ஏ.சி., போடியில் இறங்கியதும் வெறும் சூட்டைத் தள்ளும். சிறிது நேரம் நிறுத்தி வைத்தால் மறுபடி குளிரும், மறுபடி நிற்கும். சவாரிக்காரர் முகம் சுளிப்பார். டாக்ஸிக்காரர் ஒர்க்ஷாப்புக்கு ஓடி, "கேஸ் குறைந்துவிட்டது" என்ற ஒரே பதிலைக் கேட்டுப் பணம் கட்டுவார். அடுத்த மாதமும் அதே கதைதான்.

கேஸ் தானாகத் தீர்ந்து போகும் பொருளல்ல. வேகமாகக் குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். குழாய் இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து படிந்திருந்தால், முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும்.

விட்டு விட்டுக் குளிர்வதற்கு வேறு காரணங்களும் உண்டு. குளிர் நின்றவுடன் பானெட்டைத் திறந்து, கம்ப்ரஸரின் முன்தட்டு சுழல்கிறதா என்று பார்ப்பது நல்லது. சுழலாவிட்டால் ரிலே, எர்த் ஒயர், கிளட்ச் இடைவெளி, கேஸ் அழுத்த சுவிட்ச் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். தட்டு சுழன்றும் காற்று மெலிந்து வந்தால், உள்ளிருக்கும் கூலிங் காயிலில் பனி படிந்திருக்கலாம். காற்று பலமாக வந்தும் சூடாக இருந்தால், கேஸோடு கலந்துவிட்ட ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வில் உறைந்து அடைத்திருக்கக்கூடும். ஓடும்போது குளிர்ந்து, நெரிசலில் நிற்கும்போது மட்டும் சூடானால் கண்டென்ஸர் ஃபேன் மீது சந்தேகம் கொள்ளலாம்.

1990களின் தொடக்கம்வரை வந்த கார்களில் இருந்தது ஆர்-12 என்னும் கேஸ். இவ்வகை வாயுக்கள் வானத்து ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974-இல் மொலினா, ரோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள் எடுத்துக்காட்டினர். 1995-இல் அவர்கள் நோபல் பரிசும் பெற்றனர். 1987-இல் மாண்ட்ரீல் ஒப்பந்தம் உருவாயிற்று. இந்தியா 1992-இல் அதில் சேர்ந்தது. 2008-இல் நம் நாட்டில் ஆர்-12 உற்பத்தி நின்றது. ஆகவே பழைய கார்களை ஆர்-134ஏ என்ற கேஸுக்கு மாற்றும் வழக்கம் வந்தது.

மாற்றம் என்றால் ஒன்றை வெளியேற்றிவிட்டு மற்றொன்றை நிரப்புவது மட்டுமல்ல. பழைய மினரல் ஆயில் புதுக் கேஸோடு கலக்காது. கம்ப்ரஸருக்கு ஆயில் போய்ச் சேராமல் அது தேய்ந்து இறுகிவிடும். ஆகவே பழைய ஆயிலை வடித்து எஸ்டர் ஆயில் ஊற்ற வேண்டும். ட்ரையரும் ஓ-ரிங்குகளும் புதிதாகப் போட வேண்டும். பிறகு வாக்குவம் பம்பை அரைமணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டி ஈரத்தை இழுக்க வேண்டும். தேவிகுளம் உயரத்தில் காற்றழுத்தம் குறைவாதலால், கடலோரத்தில் 29 அங்குலத்தைத் தாண்டும் வாக்குவம் கேஜ் முள் இங்கே சுமார் 24 அங்குலத்திலேயே நின்றுவிடும். அது பம்பின் குற்றமல்ல.

மலைநாட்டு டாக்ஸிக்காரர் ஏமாறும் இடம் இதற்கு அடுத்ததுதான். குளிரில் கேஸின் அழுத்தம் இயல்பாகவே குறைவாக இருக்கும். சமவெளிக் கணக்கை மனத்தில் வைத்து, கேஜ் முள் ஏறும்வரை இங்கே கேஸ் ஏற்றினால் அளவு மிஞ்சிவிடும். போடி வெயிலில் அழுத்தம் எகிறி, பாதுகாப்பு சுவிட்ச் கம்ப்ரஸரை நிறுத்தும். சரி செய்த வண்டி மீண்டும் விட்டு விட்டுக் குளிரும். எனவே கேஸைத் தராசில் நிறுத்தே போட வேண்டும். ஆர்-134ஏ என்றால், ஆர்-12-க்குக் குறித்துள்ள எடையில் 80 முதல் 90 சதவீதம் போதும்.

செலவு மிச்சம் என்று சமையல் கேஸை ஏற்றுவது உயிருக்கே ஆபத்து. வண்டிக்குள் கசிந்தால் ஒரு தீப்பொறி போதும். ஆர்-134ஏ-யையும் வெளியே திறந்துவிடுவது தகாது. ஓசோனுக்கு அது கேடு செய்யாவிட்டாலும், எடைக்கு எடை கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். 2016 கிகாலி உடன்பாடு அதையும் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறது.

ஒர்க்ஷாப்பில் பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். கசிவு எங்கே இருந்தது? வாக்குவம் எத்தனை நிமிஷம் ஓடியது? கேஸ் எத்தனை கிராம் போட்டீர்கள்? மூன்றுக்கும் பதிலைப் பில்லில் எழுதி வாங்கிக்கொண்டால், அடுத்த முறை வேறு மெக்கானிக்கிடம் போனாலும் அந்தத் தாள் உதவும். முடிந்தால் பணம் கட்டும் முன் வண்டியை ஒருமுறை அடிவாரம்வரை ஓட்டிப் பார்ப்பது உத்தமம்.