பசுவை விட்டு என்னிடம் ஏன் வந்தாய்?

மத்தியானச் சாப்பாடு ஆனதும் திண்ணையில் ஈஸிசேரைப் போட்டுச் சற்றே கண்ணயரலாம் என்று சாய்ந்தேன். கணுக்காலில் 'சுருக்'கென்றது. பார்த்தால், காலில் வெள்ளை வளையம் போட்ட ஒரு கறுப்புக் கொசு! பத்தடி தூரத்தில் எங்கள் பசு சாவகாசமாக அசைபோட்டுக் கொண்டு நின்றது. அவ்வளவு பெரிய உடம்பு அந்தக் கொசுவின் கண்ணில் படவில்லையாம்!

"மாட்டை விட்டு என்னிடம் ஏன் வருகிறது, பாட்டி?" என்று கேட்டேன்.

"உன் ரத்தம் தித்திப்புடா!" என்றாள் பாட்டி.

பாட்டியின் தீர்ப்பை மறுத்துச் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. ஆனாலும் விஷயம் ருசியில் இல்லை, வாசனையில் இருக்கிறது.

பகலில் கடிக்கும் இந்தக் கொசுவின் பெயர் ஏடிஸ் எஜிப்தி. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஆசாமி. ஆசாமி என்ன, அம்மாள் என்றே சொல்ல வேண்டும். முட்டை உண்டாவதற்கு ரத்தம் தேவைப்படுவதால் பெண் கொசு மட்டுமே கடிக்கிறது. அதற்கு நம்மைப் போல் மூக்குக் கிடையாது. தலையில் நீட்டிக் கொண்டிருக்கும் உணர்கொம்புகளின் மெல்லிய மயிர்களே முக்கியமாக மூக்கின் வேலையைச் செய்கின்றன. மயிருக்குள் நரம்பு, நரம்பின் மேல் பூட்டுப் போன்ற புரதங்கள். சாவி பூட்டில் பொருந்துவது போல, வாசனைத் துகள் அதில் பொருந்தினால், "ஆகா, இதோ!" என்று மூளைக்குச் செய்தி போகிறது. ஒவ்வொரு பூட்டையும் செய்வதற்கான குறிப்புத்தான் மரபணு.

இறக்கை முளைக்காத பழைய வம்சத்துப் பூச்சி ஒன்று இன்றும் கற்களுக்கு நடுவில் துள்ளித் திரிகிறது. மாகிலிஸ் என்று பெயர். அதனிடம் இந்த ஜாதிப் பூட்டுகள் ஐந்தே ஐந்துதான். ஏடிஸ் கொசுவிடமோ நூற்றுக்கு மேல்! மரபணு சில சமயம் தவறுதலாக இரட்டித்து விடுகிறது. ஒன்று பழைய வேலையைப் பார்க்க, மற்றொன்று தன் இஷ்டத்துக்கு மாறிப் புது வாசனையைப் பிடித்துக் கொள்கிறது. இப்படியே குடும்பம் பெருகியது.

இனி என் கணுக்கால் விவகாரத்துக்கு வருவோம். கென்யா நாட்டுக் கடலோரத்தில் ரபாய் என்று ஓர் ஊர். அங்கே இந்த ஒரே கொசுவில் இரண்டு வகை இருந்தன. ஒன்று காட்டு மரப்பொந்துத் தண்ணீரில் முட்டையிட்டு மிருகங்களைக் கடிக்கும். மற்றொன்று வீட்டுப் பானைத் தண்ணீரில் பெருகி மனிதரைக் கடிக்கும். நியூயார்க்கில் ராக்பெல்லர் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த கரோலின் மெக்பிரைடும் லெஸ்லி வாஸ்ஹாலும் மற்றவர்களும் இரண்டுக்கும் சம்பந்தம் செய்து வைத்தார்கள். பிறந்த பேத்திகளின் முன் ஒரு பக்கம் மனிதக் கை, இன்னொரு பக்கம் கினிப் பன்றி. எது எங்கே போகிறது என்று பிரித்தெடுத்து, உணர்கொம்பு மரபணுக்களை ஒப்பிட்டார்கள். 2014-ல் விடை வெளியாயிற்று. முன்னால் வந்து நின்றது 'ஓ.ஆர்.4' என்ற மரபணு. மிருகங்களின் வாடையைவிட மனித வாடையில் மிகுதியாக இருக்கும் 'சல்கடோன்' என்ற பொருளுக்கு அதன் பூட்டு திறக்கிறது. வீட்டுக் கொசுவிடம் அந்தப் பூட்டு எண்ணிக்கையிலும் அதிகம், கூர்மையும் அதிகம்.

அதை மட்டும் உடைத்துவிட்டால் கொசுத் தொல்லை தீர்ந்ததா? அவ்வளவு சுலபமா, சார்! இந்தப் பூட்டுகளுக்கெல்லாம் பொதுவான கூட்டாளி ஒன்று உண்டு. அது இல்லாவிட்டால் ஒன்றும் வேலை செய்யாது. 2013-ல் அதையே பழுதாக்கிப் பார்த்தார்கள். கொசுவுக்கு மனிதனென்றும் கினிப் பன்றியென்றும் பேதம் பார்க்கத் தெரியாமல் போயிற்று. ஆனால் மூச்சில் வரும் கரியமில வாயு கலந்ததும், கடிக்கப் புறப்பட்டு விட்டது! அந்த வாயுவை அறிய வேறொரு மரபணுக் குடும்பம் தயாராக இருக்கிறது.

சரி, காட்டில் கிடந்த கொசுவுக்கு நம் வாடையின் மேல் ஏன் இந்த மோகம்? ஆப்பிரிக்காவில் 27 இடங்களிலிருந்து முட்டைகளைச் சேகரித்து வளர்த்து 2020-ல் பதில் சொன்னார்கள். நீண்ட கடுங்கோடை உள்ள ஊர்களில்தான் மனித மோகம் அதிகம். மரப்பொந்துகள் வறண்டுவிட்டால் மிஞ்சுவது நாம் பிடித்து வைத்த தண்ணீர்தானே! பானையை நாடி வந்தது, பானைக்காரனையும் பிடித்துக் கொண்டது. சகாரா வறண்டு பாலைவனமானபோது, சுமார் 5000 ஆண்டுகளுக்கு முன்பு, இந்தப் பழக்கம் தொடங்கியதாக மரபணுக் கணக்குச் சொல்கிறது. அங்கிருந்து கப்பலேறி உலகமெங்கும் பரவியது. ஜனநெருக்கமும் இந்த மோகத்தை வளர்க்குமாம். 2050-க்குள் ஆப்பிரிக்காவின் பல நகரங்களில் கொசுக்கள் இன்னும் அதிகமாக மனிதரை நாடும் என்பது அவர்கள் கணிப்பு.

இவ்வளவையும் பாட்டியிடம் விஸ்தாரமாகச் சொல்லி முடித்தேன். பொறுமையாகக் கேட்டுக் கொண்டிருந்தாள்.

"அது கிடக்கட்டும். கொல்லையில் அந்த அண்டா நாலு நாளாகத் திறந்து கிடக்கிறதே, அதைக் கவிழ்த்துவிட்டு வந்து பேசு!" என்றாள்.