பெயரும் உயிரும்

மொழியில் ஒரு பொருளுக்குப் பல பெயர் இருப்பது வளம். மருத்துவத்தில் அது உயிருக்கே ஊறாகலாம். எலும்பு மஜ்ஜையை மாற்றிப் பொருத்துமுன் வழங்குவோர், பெறுவோர் இருவரின் எச்.எல்.ஏ. மரபணுக்களும் ஒத்துள்ளனவா என மருத்துவர் ஆராய்வர். தன் அணுவையும் அயல் அணுவையும் உடல் பிரித்தறியத் துணைபுரிவன இவையே. ஒரே வகைக்கு நாட்டுக்கொரு பெயர் வழங்கின், பொருத்தம் காண்பது எங்ஙனம்?

இதனைக் கருதியே 1968இல் பன்னாட்டுப் பெயரீட்டுக் குழு கூடியது. நோயுற்ற தன் மகன் அந்தோணி நோலனுக்காக 1974இல் ஷெர்லி நோலன் இலண்டனில் கொடையாளர் பதிவேடு ஒன்றைத் தொடங்கினார். மகன் 1979இல் மறைந்தான்; பணி நின்றுவிடவில்லை. அவன் பெயரிலமைந்த ஆய்வு நிறுவனமே 1998 முதல் இவ்வகைகளின் கணினித் தரவகத்தைப் பேணி வருகிறது. அன்று 964 ஆக இருந்த வகைகள் இன்று 40,000ஐக் கடந்துள்ளன.

ஆய்வகங்கள் அனுப்பும் ஒவ்வொரு வரிசையையும் பழையவற்றோடு ஒப்பிட்டு, புதியதெனத் தெளிந்த பின்னரே பெயர் சூட்டுவர். பிழையெனப் பின்னர் அறிந்து நீக்கிய பெயரை வேறொன்றுக்கு வழங்கார். மூன்று திங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பு வெளிவரும். ஈரிலக்க எண்களுக்குள் சில வகைகள் அடங்காமற்போகவே, 2010இல் எண்களுக்கிடையே முக்காற்புள்ளி இட்டுப் பெயர்முறையையே திருத்தினர்.

வகுப்பறையில் நாம் எளிதாக எண்ணும் அச்சிறு புள்ளி, அங்கே ஒரு நோயாளிக்கு உரிய கொடையாளரைக் காட்டுகிறது. பெயரைப் பிழையின்றிக் காப்பதும் உயிர்காக்கும் பணியே என்பதை மொழி பயிலும் நாம் உணர்தல் வேண்டும்.