பெரிய பெயரைப் பிரித்துப் படிப்போம்

எங்கள் மையத்துக்கு ஒரு அக்கா படிக்க வருகிறார். அவர் மகன் ஜாம்ஷெட்பூரில் வேலை செய்கிறான்.

ஒருநாள் டீக்கடையில் ஒருவர் பேப்பரைப் புரட்டினார். "ஏதோ ஒரு பூராம். பலத்த மழையாம். ஊரே வெள்ளமாம்" என்றார். அக்கா பதறிப் போனார். பேப்பரை வாங்கிப் பார்த்தார். முதலில் ஜ. நடுவில் பூ. கண்ணில் நீர் வந்துவிட்டது.

பிறகு மனதைத் தேற்றிக்கொண்டார். விரல் வைத்து மெதுவாகப் படித்தார்.

ஜ - பல் - பூ - ரில்

ஜபல்பூர்! மகன் இருக்கும் ஊர் அது அல்ல. அப்போதுதான் அவருக்கு மூச்சு வந்தது.

ஊர்ப் பெயர் நீளமாக இருக்கிறதா? பயப்படாதீர்கள். பிரித்துப் படியுங்கள். எப்படிப் பிரிப்பது?

புள்ளி வைத்த எழுத்தைப் பாருங்கள். அது தனியே நிற்காது. தனக்கு முன்னே உள்ள எழுத்தோடு சேர்ந்துகொள்ளும்.

சண் - டி - கர்
ஜாம் - ஷெட் - பூர்
அ - க - ம - தா - பாத்

ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு முறை கை தட்டுங்கள். ஜாம்ஷெட்பூரில் எழுத்து 6. கைதட்டல் 3 தான். பெரிய பெயர் சின்னதாகிவிட்டது!

ஜபல்பூர் என்பதோடு 'இல்' சேர்ந்தால் ஜபல்பூரில் என்று ஆகும். கடைசிப் புள்ளி போய்விடும். துண்டு ஒன்று கூடும். ஊர் அதே ஊர்தான்.

இன்னொன்றும் கவனியுங்கள். பல ஊர்களுக்கு வால் ஒன்றுதான். 'பூர்' என்றால் ஊர். நம் காஞ்சிபுரத்தில் உள்ள 'புரம்' போல. 'பாத்' என்றால் மக்கள் குடியிருக்கும் இடம். 'கர்' என்றால் கோட்டை.

எந்த ஊர் என்று சொல்வது தலைப்பகுதிதான். ஜெய்ப்பூரை 1727இல் அமைத்தவர் அரசர் ஜெய் சிங். அகமதாபாத்தை 1411இல் அமைத்தவர் சுல்தான் அகமது ஷா. ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் பெயரால் 1919இல் ஜாம்ஷெட்பூர் என்று பெயர் வந்தது. சண்டிகர் என்பது சண்டி அம்மன் பெயரால் வந்தது.

ஆகவே, வாலை மட்டும் பார்த்து ஊரை முடிவு செய்யாதீர்கள். தலையிலிருந்து கடைசித் துண்டு வரை படியுங்கள். பிறகு எல்லாத் துண்டையும் சேர்த்து ஒரே மூச்சில் சொல்லுங்கள்.

அந்த அக்கா இப்போது டீக்கடையில் பேப்பரை மற்றவர்களுக்குப் படித்துக் காட்டுகிறார்.

நீங்களே செய்து பாருங்கள்

1. இவற்றைப் பிரித்து எழுதுங்கள்: நாக்பூர், கான்பூர், ஐதராபாத், அலிகர்.
2. ஒவ்வொன்றிலும் எத்தனை துண்டு? கை தட்டி எண்ணுங்கள்.
3. உங்கள் சொந்தக்காரர் இருக்கும் வெளியூரின் பெயரை எழுதுங்கள். அதையும் பிரியுங்கள்.