பதினாறு பூட்டுகள்

கெர்னலுக்குள்ளே – தொடர்: 14

ஆர்ம் வகை புரோசஸர்களில் கெர்னலின் நடத்தையைத் தீர்மானிக்கும் கட்டுப்பாட்டு ரிஜிஸ்டர் ஒன்று உண்டு. 64 பிட் நீளம். அதில் 40, 41 என்ற இரண்டே பிட்டுகளைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப்போகிறோம். இரண்டும் பூஜ்ஜியம் என்றால், சிப்புக்குள் இருக்கும் ஒரு காவல் ஏற்பாடு தப்பைப் பார்த்தும் கண்டுகொள்ளாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எதை எழுதினாலும் அது விழித்துக்கொள்ளும். ஆனால் மூன்றும் ஒரே மாதிரி விழிப்பு அல்ல.

போன வாரம் பார்த்த வியாதியை நினைவுபடுத்திக்கொள்வோம். கெர்னலின் ஒரு பகுதி நினைவகத்தில் ஒரு துண்டை வாங்குகிறது, வேலை முடிந்ததும் விடுவிக்கிறது. ஆனால் அந்த முகவரியை வைத்திருக்கும் பாயிண்டர் எங்கோ ஒரு மூலையில் மிச்சமிருக்கிறது. லாட்ஜ் அறையைக் காலி செய்துவிட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போனவர் மாதிரி. அடுத்து அதே அறையில் வேறொருவர் தங்கியிருக்கும்போது பழைய சாவிக்காரர் வந்து கதவைத் திறந்தால் என்ன ஆகும்? கெர்னல் மீது நடக்கும் தாக்குதல்களில் பெரும் பங்கு இந்தக் கதவு வழியாகத்தான் நடக்கிறது. மருந்து என்னவோ எளிது: ஒவ்வொருவர் காலி செய்யும்போதும் பூட்டை மாற்றிவிடுவது.

ஆர்ம் நிறுவனம் 2018-இல் அறிவித்த ‘மெமரி டேக்கிங் எக்ஸ்டென்ஷன்’, சுருக்கமாக எம்டிஇ, இதைத்தான் செய்கிறது. நினைவகத்தின் ஒவ்வொரு 16 பைட்டுக்கும் 4 பிட் அளவில் ஒரு டேக். அதே டேக் பாயிண்டரின் உச்சியில், முகவரிக்குப் பயன்படாமல் சும்மா கிடக்கும் பிட்டுகளிலும் எழுதப்படும். பாயிண்டர் வழியாக நினைவகத்தைத் தொடும்போதெல்லாம் இரண்டும் பொருந்துகின்றனவா என்று புரோசஸரே ஒப்பிடும். ஒப்பீட்டுக்கு மென்பொருள் ஒரு கட்டளைகூடச் செலவழிக்க வேண்டாம். டேக்குகளைச் சேமிக்க மட்டும் இடம் வேண்டும்: மொத்த நினைவகத்தில் 32-இல் ஒரு பங்கு. 8 ஜிபி உள்ள போனில் 256 எம்பி.

நான்கு பிட் என்றால் பதினாறு பூட்டுகள். கெர்னலுக்கு அதிலும் இரண்டு குறைவு. 15-ஆம் எண் மாஸ்டர் சாவி. அந்த டேக் உள்ள பாயிண்டரைப் புரோசஸர் சோதிப்பதே இல்லை. 14-ஆம் எண் காலி அறைகளுக்கு மாட்டும் பூட்டு. அதற்குப் பொருந்தும் சாவி யாரிடமும் தரப்படாது. மிச்சம் பதினான்கு. ஆகவே விடுவித்த துண்டை, அது இன்னும் காலியாக இருக்கும்போது தொட்டால் சாதாரணச் சாவிக்காரர் கட்டாயம் மாட்டுவார். அது வேறொருவருக்குப் போன பிறகு தொட்டால், பதினான்கில் ஒரு தடவை புதுப் பூட்டும் பழைய சாவியும் தற்செயலாகப் பொருந்திவிடும். கிட்டத்தட்ட 7 சதவீதம்.

இந்த யோசனை புதிதல்ல. 1964-இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 கணினிகளில் ஒவ்வொரு 2,048 பைட்டுக்கும் 4 பிட் காவல் சாவி உண்டு. பூஜ்ஜியச் சாவி வைத்திருப்பவருக்கு எல்லாக் கதவும் திறக்கும். அறுபது ஆண்டு கழித்தும் அதே நான்கு பிட், அதே மாஸ்டர் சாவி! அறையின் அளவுதான் 2,048 பைட்டிலிருந்து 16 பைட்டாகச் சுருங்கியிருக்கிறது. நடுவே 2015-இல் ஆரக்கிள் தன் ஸ்பார்க் எம்7 சிப்பில் 64 பைட்டுக்கு 4 பிட் என்று செய்து பார்த்தது. ஆனால் ஸ்பார்க் சர்வர்களை வாங்கும் கூட்டம் அப்போதே கரைந்துகொண்டிருந்தது.

லினக்ஸ் கெர்னலுக்கு வருவோம். சாதாரணச் செயலிகள் எம்டிஇ-யைப் பயன்படுத்தும் வசதி 2020 டிசம்பரில் வந்த 5.10 பதிப்பில் சேர்ந்தது. கெர்னல் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் வசதி அடுத்த பதிப்பான 5.11-இல். இதற்குக் ‘காசான்’ என்ற பழைய பிழைதேடும் கருவியின் பெயரையே வைத்தார்கள். அங்கேதான் முதல் குழி. காசானில் மூன்று வகை இருக்கின்றன. கெர்னலை உருவாக்கும்போது எதையும் மாற்றாமல் காசானை மட்டும் இயக்கினால், முழுக்க மென்பொருளால் ஓடும் பழைய வகைதான் கிடைக்கும். அது நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கைத் தின்னும். வேகத்தை மூன்றில் ஒன்றாக்கும். ஹார்ட்வேர் டேக் வகையைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்த கெர்னலை எம்டிஇ இல்லாத சிப்பில் ஏற்றினால்? ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் காவலே இன்றி ஓடும். காவல் இருக்கிறதா என்பதற்கு உடனடிச் சாட்சி, பூட் ஆகும்போது லாகில் விழும் ஒற்றை வரி. அந்த வரியைத் தேடிப் பார்க்காமல் ‘எங்கள் கருவியில் எம்டிஇ உண்டு’ என்று சொல்பவரை நான் நம்புவதில்லை.

இனி அந்த இரண்டு பிட்டுகள். கெர்னலுக்குப் பூட் நேரத்தில் தரும் ‘காசான்.மோட்’ என்ற அளபுரு அவற்றில் என்ன எழுதுவது என்று தீர்மானிக்கிறது. ‘சிங்க்’ என்றால் உடனடிச் சோதனை. டேக் பொருந்தாத அந்தக் கட்டளையிலேயே புரோசஸர் நின்றுவிடும். எந்த வரி, எந்த முகவரி எல்லாம் கையில் கிடைக்கும். விலை வேகம். நினைவகத்தில் எழுதும் கட்டளையைப் புரோசஸர் வழக்கமாக ஒரு வரிசையில் போட்டுவிட்டு, அது போய்ச் சேரும்வரை காத்திராமல் அடுத்த வேலைக்குப் போய்விடும். உடனடிச் சோதனையில் அந்தச் சுதந்திரம் பறிபோகிறது.

‘ஏசிங்க்’ என்றால் தாமதச் சோதனை. பொருந்தாவிட்டால் ஒரு ரிஜிஸ்டரில் ஒரு பிட்டை ஏற்றிவிட்டுப் புரோசஸர் நிற்காமல் போகும். கெர்னலுக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் பணி மாறும்போதும் கெர்னல் அந்தப் பிட்டைப் பார்க்கும். ஏற்றியிருந்தால், எங்கோ ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று தெரியும். எங்கே, எது என்று தெரியாது. அதற்குள் தாக்குபவர் வேலையை முடித்திருக்கவும் கூடும். வேகமாக இருக்கிறது என்பதற்காக இதைப் பாதுகாப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிழை இருக்கிறதா என்று ஆயிரக்கணக்கான கருவிகளில் கணக்கெடுக்க உதவும், அவ்வளவுதான்.

மூன்றாவது கலப்பு முறை, பின்னால் வந்த சிப்களில் சேர்ந்தது. படிப்பதை உடனே சோதி, எழுதுவதைத் தாமதமாகச் சோதி. படிக்கும் கட்டளையில் தரவு வரும்வரை புரோசஸர் எப்படியும் காத்திருக்கத்தான் வேண்டும். கூடவே டேக்கையும் பார்த்துவிட்டால் கூடுதல் செலவு அதிகமில்லை. பொறியாளர் மூளை!

ஆனால் என் கணக்கில் இவற்றையெல்லாம்விடப் பெரிய கேள்வி, பிடித்த பிறகு என்ன செய்வது என்பது. ‘காசான்.ஃபால்ட்’ என்ற இன்னொரு அளபுரு இதைச் சொல்கிறது. எதுவும் சொல்லாவிட்டால் ‘ரிப்போர்ட்’. அதாவது லாகில் ஓர் அறிக்கை எழுதிவிட்டு கெர்னல் தொடர்ந்து ஓடும். உடனடி முறையில் அதோடு இன்னொன்றும் நடக்கும்: முதல் பிழை அகப்பட்டதும் அந்த புரோசஸர் கோரில் டேக் சோதனையே அணைக்கப்படும், மற்ற கோர்கள் தங்கள் தங்கள் முதல் பிழையில் அணைத்துக்கொள்ளும். பிழை தேடுபவருக்கு இது சரி. ஒரே பிழை லாகை நிரப்பாது. தாக்குபவருக்கோ இது விருந்து. ஒரு தடவை மாட்டிக்கொண்டால் போதும், காவல்காரர் வீட்டுக்குப் போய்விடுகிறார்.

காவல் வேண்டுமென்றால் ‘பேனிக்’ என்று எழுத வேண்டும். பிழை அகப்பட்டதும் கெர்னல் மொத்தமாக நிற்கும். பதினான்கில் ஒரு அதிர்ஷ்டத்தை நம்பும் தாக்குபவர் மிச்சப் பதின்மூன்று தடவையும் போனை ரீஸ்டார்ட் ஆக்கிவிட்டு அம்பலப்படுவார். இதற்கும் எதிர்ப்பு உண்டு; எங்கோ ஒரு டிரைவர் யாருக்கும் கெடுதல் இல்லாமல் ஒரு பைட்டைத் தள்ளிப் படித்ததற்காக முழு சர்வரையும் சாய்ப்பதா என்று கேட்பார்கள். அவர்களுக்காக, தப்பாக எழுதினால் மட்டும் நில் என்ற மூன்றாவது வழி பின்னர் வந்தது. அதைத் தாமத முறையோடு சேர்த்தால் வேடிக்கை: படித்ததா எழுதியதா என்றே தெரியாததால் கெர்னல் எதற்கும் நின்றுவிடும்.

இத்தனையும் சரியாக அமைத்தாலும் ஓட்டைகள் மிச்சமுண்டு. 20 பைட் கேட்டால், டேக் 16-இன் மடங்குகளில் போவதால் 32 பைட்டுக்கு ஒரே பூட்டு; மிச்சப் பன்னிரண்டில் மேய்ந்தால் சிப்புக்குத் தெரியாது. பெரிய பக்கத் துண்டுகளுக்கு டேக் போடும் செலவைக் குறைக்க, பத்தில் ஒன்றுக்கு மட்டும் போடு என்பது போல மாதிரி எடுக்கும் அளபுருவும் இருக்கிறது. விடுபட்டவற்றுக்கு மாஸ்டர் சாவிதான். கெர்னலே வேண்டுமென்று எல்லை தாண்டும் இடங்களும் உண்டு. எழுத்துச் சரங்களை எட்டெட்டு பைட்டாக வேகமாகப் படிக்கும் ஒரு ஃபங்ஷன், சரம் முடிந்த பிறகும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். தாமத முறையில் அது பொய் எச்சரிக்கை கிளப்பாமலிருக்க, அந்த ஒரு கணத்துக்குச் சோதனையை மூடித் திறக்கிறார்கள்.

சாதாரண வாங்குபவர் கைக்கு எம்டிஇ வந்தது 2023 அக்டோபரில், கூகுளின் பிக்சல் 8 போனில். அதுவும் டெவலப்பர் மெனுவுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு தேர்வாக. இயக்கிவிட்டு ரீபூட் செய்ய வேண்டும். பாதுகாப்புக்குப் பேர்போன கிராஃபீன்ஓஎஸ் என்ற ஆண்ட்ராய்டு வடிவம் அதைத் தானாகவே இயங்கும்படி வைத்தது. 2024-இல் ஆண்ட்ராய்டின் புளூடூத் பகுதியில் ஒரு நினைவகப் பிழை இதனாலேயே அவர்களிடம் அகப்பட்டது. ஆப்பிள் 2025 செப்டம்பரில் ஐபோன் 17 வரிசையில் இறங்கியபோது, கெர்னலில் மெனுவுக்கே இடம் வைக்கவில்லை. மேம்படுத்திய எம்டிஇ, எப்போதும் உடனடி முறை. தாமத முறை தாக்குபவருக்கு இடைவெளி தருகிறது என்று வெளிப்படையாகவே எழுதினார்கள். சிப்பையும் மென்பொருளையும் ஒரே நிறுவனம் செய்வதால் வேகச் செலவைச் சிப்பிலேயே ஈடுகட்ட அவர்களால் முடிந்தது. லினக்ஸுக்கு அந்த வசதி இல்லை. யாருடைய சிப்பில் ஓடப்போகிறோம் என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் இத்தனை அளபுருக்கள்.

பூட்டு, மாற்றும் நேரம், மாட்டியவரை என்ன செய்வது எல்லாம் சரி. சாவியின் எண்ணே கசிந்துவிட்டால்? 2024-இல் சியோல் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மற்றவர்களோடு சேர்ந்து வெளியிட்ட ‘டிக்டேக்’ ஆய்வு, புரோசஸர் முன்கூட்டி ஊகித்து ஓடும் பழக்கத்தைப் பயன்படுத்தி, லினக்ஸ் கெர்னலிலும் குரோமிலும் டேக்கை 95 சதவீதத்துக்கு மேல் வெற்றியோடு, நான்கு விநாடிக்குள் கண்டுபிடித்துக் காட்டியது. டேக் என்பது ரகசியமாக இருக்க வேண்டியதே அல்ல என்று ஆர்ம் பதில் சொன்னது. அந்த வாதம் எவ்வளவு தூரம் நிற்கும் என்று அடுத்த வாரம் பார்ப்போம்.