காற்று பிரிந்ததா?

அம்மாவுக்குப் பெருங்குடலில் கட்டி. வயிற்றைத் திறந்து ஒரு பகுதியை வெட்டியெடுத்தார்கள். மறுநாள் காலை ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், "காத்து பிரிஞ்சுதாம்மா?" என்றார். வார்டில் அத்தனை பேர் இருக்க, அம்மா கூச்சத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தக் கேள்வி எவ்வளவு முக்கியமானது என்று அப்போது எனக்கும் தெரியாது.

குடல் விழிக்கும் நேரம்

அறுவை சிகிச்சையில் கைபட்ட குடல் தற்காலிகமாக அசைவை நிறுத்திவிடும். மார்ஃபின் போன்ற வலி மருந்துகள் அந்த மந்தத்தைக் கூட்டும். சிறுகுடல் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் இயங்கத் தொடங்கும். இரைப்பைக்கு 1 முதல் 2 நாள், பெருங்குடலுக்கு 2 முதல் 3 நாள் ஆகலாம். காற்று பிரிந்தால் குடல் விழித்துவிட்டது என்று பொருள்.

அதுவரை சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்பதே பழைய வழக்கம். டென்மார்க்கின் அறுவை மருத்துவர் ஹென்றிக் கேலெட் 1990களில் அதை மாற்றிக் காட்டினார்: சீக்கிரம் உணவு, சீக்கிரம் நடை. இன்று பல இடங்களில் மறுநாளே நீர் ஆகாரம் தருகிறார்கள். எப்போது தரலாம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். பாவம் பார்த்து நாமாகக் கொடுக்கக் கூடாது.

மூன்று பந்துகள்

கட்டிலருகே மூன்று பந்துகள் கொண்ட பிளாஸ்டிக் கருவி ஒன்று இருக்கும். பலர் அதை ஊதுகிறார்கள். ஊதக் கூடாது, குழாயை வாயில் வைத்து மூச்சை மெதுவாக உள்ளே இழுக்க வேண்டும். தையல் வலிக்குப் பயந்து மேலோட்டமாகவே மூச்சுவிட்டால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி கட்டும், நிமோனியா வரலாம். இருமல் வந்தால் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இரும வேண்டும். அம்மா அந்தத் தலையணையைக் கடைசிவரை விடவில்லை.

எழுப்பி நடக்கவையுங்கள்

"பாவம், படுத்திருக்கட்டும்" என்பது அன்புதான். ஆனால் அசையாத காலில் ரத்தம் உறையலாம். அந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. டாக்டர் அனுமதித்ததும் ஒருக்களித்துப் படுக்கவைத்து, கையை ஊன்றி எழச் செய்யுங்கள். ஒரு கையில் காயநீர் வடியும் டிரெயின் பை, மறு கையில் அம்மாவின் கை என்று நாங்கள் பாத்ரூம் வாசல்வரை நடந்த பத்தடி, எனக்கு மலையேறியது போலிருந்தது.

பத்தியம்

பார்க்க வந்த அத்தை, "பருப்பு குடுக்காதே, சீழ் வச்சிடும்" என்றார். சீழ் வருவது கிருமியால், பருப்பால் அல்ல. புண் ஆறப் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. சிறுநீரக நோய் போன்றவற்றுக்காக டாக்டர் தடுத்தாலொழிய, முட்டை, மீன், பருப்பை நிறுத்தாதீர்கள். சர்க்கரை அளவு ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்தபின்

குறைந்தது 6 வாரம் தண்ணீர்க் குடம், சிலிண்டர், பேரப்பிள்ளை எதையும் தூக்கக் கூடாது. தழும்பு வழியே குடலிறக்கம் வரக்கூடும்.

காய்ச்சல், காயத்தில் சிவப்பு அல்லது சீழ், வயிறு உப்பி ஓயாத வாந்தி, ஒரு காலில் மட்டும் வீக்கம் என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சுத்திணறல் வந்தாலோ, இளஞ்சிவப்பு நீர் திடீரெனக் காயத்தின் கட்டை நனைத்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். உள்தையல் பிரிந்ததற்கு அந்த நீர் அறிகுறியாக இருக்கலாம். "காலையில் ஓ.பி.யில் காட்டலாம்" என்று இரவைக் கடத்த வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.